நம்ம கதையை யார் வரைவது? ஜேக்கப் லாரன்ஸை முன்வைத்து

(இளம் ஓவியர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றின் முதல் நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூணு நாளைக்கு வாட்டர் கலர் பழகப் போறோம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு ஓவியரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1917இல் பிறந்து 2000இல் இறந்தவர். பெரும்பாலும் தண்ணியில் கரையும் வண்ணங்களையே கையாண்டவர். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாத்தியாராகவும் இருந்தவர்.

எதுக்கு அமெரிக்காவரைக்கும் போகணும்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். 1913இல் பாபாசாகேப் அம்பேத்கர் படிக்கப் போனது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு. கறுப்பர்கள் குடியேறிக்கொண்டிருந்த ஹார்லெம் அதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1946இல் அவர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் பிளாக் பேந்தர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆக, உறவு பழசு. ஆனால் அவர்களுடைய போராட்டத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அவர்கள் தங்கள் கலைஞர்களை எப்படி உருவாக்கினார்கள் என்பதை நாம் பேசவில்லை. இன்னைக்கு அதைத்தான் பேசணும்.

கலைஞன் பிறக்கிறான்னு நமக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. ரத்தத்தில் ஊறியது, பரம்பரை ஞானம், கடவுள் அருள் என்றெல்லாம். யாருடைய ரத்தத்தில் ஊறியது? பாய் முடைகிறவர், பறையைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்க்கிறவர், தோலை அறுத்துச் செருப்புத் தைக்கிறவர், இவங்க செஞ்சா அது தொழில். அவங்க செஞ்சா கலை. இந்தப் பிரிவினைக்குள் சாதி இருக்கிறது. லாரன்ஸின் வாழ்க்கையைப் படித்தால் இந்தக் கட்டுக்கதை நிற்காது. ஒரு தெருவும், ஒரு நூலகமும், சில வாத்தியார்களும் சேர்ந்து உருவாக்கிய ஆள் அவர்.

அப்பா தென் கரோலினாக்காரர். அம்மாவுக்கு வர்ஜீனியா. தெற்கிலிருந்து வடக்கே பிழைக்க வந்த குடும்பம். அப்பா பிரிந்து போய்விட்டார். அம்மா நியூயார்க்கில் வேலை தேடிக்கொண்டு நிலைப்படும்வரை பிள்ளைகள் பிலடெல்பியாவில் அடுத்தவர் வீடுகளில் வளர்ந்தார்கள். 13 வயசில்தான் பையன் அம்மாவிடம், ஹார்லெமுக்கு வந்து சேர்ந்தான். அது 1930. பொருளாதாரப் பெருமந்தம் ஆரம்பித்திருந்த நேரம். அம்மா வேலைக்குப் போயாகணும். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பையன் தெருவுல திரிஞ்சு கெட்டுப் போயிடக் கூடாது. அந்தக் கவலையில்தான் உட்டோபியா சில்ட்ரன்ஸ் ஹவுஸ் என்ற இடத்தில் சேர்த்துவிட்டார். பள்ளி முடிந்த பிறகு கைவேலையும் படம் வரைவதும் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. ஓவியனாக்கணும்னு சேர்க்கலை. புள்ள பத்திரமா இருக்கட்டும்னு சேர்த்தாங்க.

அங்கே வாத்தியார் சார்லஸ் ஆல்ஸ்டன். அவரும் கறுப்பர், இருபத்துச் சொச்சம் வயசுக்காரர். பையன் வீட்டில் கிடந்த மலிவான விரிப்புகளின் கோலங்களை மனசில் வைத்து, கோடும் கட்டமுமாக வண்ணம் நிரப்பிக்கொண்டிருந்தான். அட்டைப்பெட்டியை வெட்டி அதற்குள் தன் தெருவைச் செய்து வைத்தான். ஆல்ஸ்டன் செய்த பெரிய காரியம், அவனைத் திருத்தாமல் விட்டது. கை இப்படி இருக்காது, மூக்கு இப்படி இருக்காதுன்னு மிரட்டவில்லை. காகிதம் கொடுத்தார், வண்ணம் கொடுத்தார், பக்கத்தில் இருந்தார்.

அப்புறம் ஹார்லெம் ஆர்ட் வொர்க்‌ஷாப். அதுக்கும் பின்னால் மேற்கு 141ஆம் தெருவில் 306ஆம் எண் கட்டடம். ஆல்ஸ்டனும் ஹென்றி பேனர்னும் பட்டறை நடத்திய இடம். லாங்ஸ்டன் ஹியூஸ், கிளாட் மெக்கே, அலன் லாக் மாதிரி எழுத்தாளர்கள் வந்து உட்கார்ந்து வாதம் பண்ணுகிற இடம். வரையப் பழகுகிற பையன் காதில் அத்தனையும் விழுந்தது. 135ஆம் தெரு நூலகத்தில் கறுப்பர் வரலாற்று நூல்கள் குவிந்து கிடந்தன. லாரன்ஸ் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவர். சலவை நிலையத்திலும் அச்சகத்திலும் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் சொல்லாத வரலாற்றை இந்த நூலகத்திலும் பட்டறையிலும்தான் கற்றார்.

இன்னொருவரைச் சொல்லாம விட முடியாது. அகஸ்டா சாவேஜ் என்கிற சிற்பி. 1923இல் பிரான்சில் நடந்த ஒரு கோடைக்காலக் கலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, கறுப்புப் பெண் என்பதற்காகவே இடம் மறுக்கப்பட்டவர். அவர் தானே ஹார்லெமில் பட்டறை போட்டார். 1937இல் திறந்த ஹார்லெம் சமுதாயக் கலை மையத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். வேலையில்லாத ஓவியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து வரையச் சொன்ன திட்டம் ஒன்று அப்போது இருந்தது. லாரன்ஸைக் கையோடு அங்கே அழைத்துப் போனார். வயசு பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சாவேஜ் அதை மறக்கவில்லை. பையனுக்கு 21 ஆனதும் மறுபடி கூட்டிக்கொண்டு போய் 1938இல் சேர்த்துவிட்டார். வாரத்துக்குச் சுமார் 24 டாலர் சம்பளம், படம் வரையறதுக்கு! 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் சாவேஜ் செய்து வைத்த பெரிய சிற்பத்தை உலோகத்தில் வார்க்கவோ பாதுகாக்கவோ பணமில்லாமல், கண்காட்சி முடிந்ததும் உடைத்துப் போட்டார்கள். சிலை போய்விட்டது. அவர் கைப்பிடித்துக் கூட்டிப்போன பையன் நின்றுவிட்டார்.

இப்ப வண்ணத்துக்கு வருவோம். வாட்டர் கலர்னாலே மெல்லிசா, காகிதத்தின் வெள்ளை தெரிய, ஏரியும் மூடுபனியும் வரைவதுன்னு ஒரு நினைப்பு இருக்கு. லாரன்ஸ் எடுத்துக்கொண்டது இன்னொரு வகை. குவாஷ் என்கிற ஒளி புகாத நீர்வண்ணம். நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்தில் பூசுகிற போஸ்டர் கலருக்கு அண்ணன் தம்பி மாதிரி. அப்புறம் டெம்பரா. வண்ணப் பொடியைப் பால்புரதத்திலோ முட்டை மஞ்சள் கருவிலோ குழைத்துத் தண்ணி விட்டுப் பூசுவது. எண்ணெய் வண்ணம்னா செலவு கூட, காயவும் நாள் கணக்காகும். இது மலிவு, சீக்கிரம் காயும், சின்ன அறையில் வைத்தே வேலை செய்யலாம். ஏழைக்குக் கிடைத்த இந்தக் கருவியிலிருந்தே அவர் தன் மொழியை எடுத்தார். தட்டையான நிறம், வெட்டினாற்போல விளிம்பு. முகத்தில் விவரம் குறைவு. குனிந்த முதுகும், பெரிய கைகளும்தான் பேசும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனைப் பற்றி 1941இல் 22 குவாஷ் படங்கள் வரைந்தார். காலப்போக்கில் அவை காட்சிக்கு வைக்க முடியாத அளவுக்கு நலிந்துவிட்டன. 1977இல் அவற்றைத் திரை அச்சாக மறுபடி செய்ய வேண்டியிருந்தது. மலிவான பொருளில் செய்ததைப் பாதுகாப்பதும் வேலைதான்.

இவர் ஏன் ஒரே கதைக்கு இத்தனை படம் வரைந்தார்? ஹைத்தி அடிமைப் புரட்சியின் தலைவர் துசான் லூவர்த்யூர் பற்றி 41 படங்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து விடுதலைக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸுக்கு 32, ஹேரியட் டப்மனுக்கு 31. ஒரு சனத்தின் வரலாறு ஒரு சட்டகத்தில் அடங்காது என்பதுதான் காரணம்.

1940-41இல் வரைந்ததுதான் பெயர் பெற்ற இடப்பெயர்வு வரிசை. முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து கறுப்பர்கள் லட்சக்கணக்கில் தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு வடக்கின் ஆலைகளுக்குப் போன கதை. 60 படங்கள். ஒவ்வொன்றும் 12க்கு 18 அங்குலம், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன வாசகம். சாவேஜின் பட்டறையில் பழகிய ஓவியர் க்வெண்டலின் நைட் பலகைகளுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசித் தயார் செய்ய உதவினார். 1941இல் இருவரும் மணந்துகொண்டார்கள். 60 பலகைகளையும் பரப்பி வைத்து, ஒரு நிறத்தைக் கலந்தால் அந்த நிறம் வர வேண்டிய எல்லாப் படத்திலும் பூசி முடிப்பார். பிறகுதான் அடுத்த நிறம். அதனால்தான் முதல் படத்தில் இருக்கும் நீலம் கடைசிப் படம்வரை அதே நீலமாக வருகிறது.

அதில் 15ஆம் படத்தைப் பாருங்க. வெள்ளைக் கும்பல் கறுப்பரைத் தூக்கில் போட்டுக் கொல்வதைப் பற்றியது. பிணம் இல்லை. ஒரு மொட்டைக் கிளை, வெறும் சுருக்குக் கயிறு, கீழே முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள். அவ்வளவுதான். நம்ம வெட்டுப்பட்ட உடம்பைத் திரும்பத் திரும்பப் படமாப் போடுறாங்களே, பார்க்கிறவன் 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டுப் பக்கத்தைப் புரட்டிடுறான். செத்தவரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே கொன்றவனைக் கூண்டில் ஏற்ற முடியும் என்று இந்தப் படம் காட்டுகிறது. 49ஆம் படம் வடக்கு நகரத்து உணவு விடுதி. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு தடுப்பு வளைந்து ஓடுகிறது. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பர். வடக்கே போனா விடுதலைன்னு நம்பிப் போனவங்களுக்கு அங்கேயும் இரட்டைக் குவளைதான். 58இல் மூன்று சிறுமிகள் முதுகைக் காட்டி நின்று, கரும்பலகையில் எண்கள் எழுதுகிறார்கள். போனதில் கிடைத்ததையும் மறைக்காமல் வைக்கிறார்.

படங்கள் வெளியே வந்தபோது லாரன்ஸுக்கு 24 வயசு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் வாஷிங்டனின் பிலிப்ஸ் காட்சியகமும் போட்டி போட்டன. கடைசியில் இரட்டைப்படை எண்கள் ஒருவருக்கு, ஒற்றைப்படை எண்கள் இன்னொருவருக்கு! ஒரு மக்களின் பயணக் கதையை ஒண்ணு விட்டு ஒண்ணாப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2015 நியூயார்க் கண்காட்சி மாதிரி எப்போதாவதுதான் 60ம் ஒரே இடத்தில் கூடும். 1954-56இல் அமெரிக்க வரலாற்றைப் பற்றி வரைந்த 30 படங்களின் கதி இன்னும் மோசம். அவை தனித்தனியாக விற்கப்பட்டுச் சிதறின. காணாமல்போனவற்றில் ஒன்று 2020இலும் மற்றொன்று 2021இலும் நியூயார்க் வீடுகளின் சுவரிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. வரைந்துவிட்டால் மட்டும் நம்ம கதை நம்ம கையில் இருக்காது. யாரிடம் இருக்கிறது, யார் போய்ப் பார்க்க முடியும் என்பதெல்லாம் அரசியல்தான்.

லாரன்ஸ் முதன்முதலாக வாத்தியாராகப் போனது 1946 கோடையில், வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்கு. அழைத்தவர் ஜோசஃப் ஆல்பர்ஸ், நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்த ஓவியர். தெற்கே போகும் ரயிலில் கறுப்பர்கள் தனிப் பெட்டிக்கு மாறணும். அந்த அவமானம் நேரக் கூடாதென்று ஆல்பர்ஸ் லாரன்ஸ் தம்பதிக்குத் தனியாக ஒரு பெட்டியே ஏற்பாடு செய்தார். கல்லூரிக்கு வெளியே பக்கத்து ஊருக்குள் அவர்கள் கால் வைக்கவில்லை. பேர் வாங்கிய ஓவியர், பாடம் நடத்தப் போகும் ஆசிரியர், அப்பவும் எந்தப் பெட்டியில் உட்காருவதுங்கிற கேள்வி விடலை. நமக்குப் புரியாததா இது?

அதன்பின் நியூயார்க்கில் பிராட் நிறுவனம், மெய்ன் மாநிலத்தில் ஸ்கௌஹீகன் கோடைப் பள்ளி, 1971 முதல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். இதற்கிடையில் ஓவிய உலகின் மோஸ்தர் மாறிவிட்டது. 1950களில் அரூப ஓவியம்தான் ராஜா. மனித உருவம் வரைந்தால் பழசு. லாரன்ஸ் தன் சனத்தை விட்டுப் போகவில்லை. 1963இல் 'ஆலிஸின் சோதனை' என்று ஒரு படம். வெள்ளைச் சட்டை, கையில் புத்தகம், பள்ளிக்கூடம் போகும் கறுப்புச் சிறுமி. உடம்பெல்லாம் அம்பு தைத்திருக்கிறது. சுற்றிலும் பேய்போலக் கோர உருவங்கள். நம்ம ஊருல எத்தனை ஆலிஸ் புத்தகப்பையோட நடந்து போறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கறுப்பரும் தலித்தும் ஒண்ணுதான்னு நான் சொல்ல வரலை. நிறம் கண்ணுக்குத் தெரியும், சாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். அடிமைச் சந்தை வேறு, சேரி வேறு. ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு அறை.

நம்ம இயக்கங்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஓவியம் தெரிந்த பையனை எப்போது தேடுகிறோம்? மாநாட்டுக்குச் சுவர் எழுதணும், அம்பேத்கர் படம் போடணும், அப்பதான். மாநாடு முடிஞ்சா சுவருக்கு வெள்ளையடிச்சுடுறாங்க. டிஜிட்டல் பேனர் வந்த பிறகு அவனையும் தேடுவதில்லை. நீலக் கோட்டு, சிவப்பு டை என்று அம்பேத்கரை நூறு தடவை வரைந்த கைக்கு, தன் ஆயாவை, தன் தெருக் குழாயடியை, கைவிட்டுப்போன பஞ்சமி நிலத்தை வரைய ஒரு தாள் கொடுத்திருக்கிறோமா? பிரச்சாரம் தேவைதான். பிரச்சாரத்துக்கு மட்டும்தான் கலை என்றால், நம்ம கதையை வரைகிற வேலை மறுபடி அவர்கள் கைக்கே போகும். அவங்க நம்மளை எப்படி வரைவாங்கன்னு பார்த்தாச்சு.

பந்தல் செலவில் ஒரு பங்கு போதும். தெருவுக்கு ஒண்ணு வேணாம், வட்டாரத்துக்கு ஒரு அறை. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்களுக்குக் காகிதம், போஸ்டர் கலர், நாலு தூரிகை, ஒரு அலமாரிப் புத்தகம். திருத்தாமல் பக்கத்தில் இருக்கிற ஒரு அண்ணனோ அக்காவோ. வரைந்த படங்களைக் கரையான் தின்னாமல் வைக்க ஒரு பெட்டி. வாத்தியாராக வருகிறவருக்குக் கூலியும் கொடுக்கணும். சேவைன்னு சொல்லி நம்ம ஆளுகளோட உழைப்பை நாமளே சுரண்டக் கூடாது.

பட்டறை என்பது கொல்லனும் தச்சனும் வியர்வை சிந்துகிற இடத்தின் பெயர். லாரன்ஸ் கடைசிவரை வரைந்ததும் அவர்களைத்தான், ரம்பமும் சுத்தியலும் பிடித்துக் கட்டடம் எழுப்புகிற ஆட்களை. இந்த மூணு நாளும் இங்கே அப்படித்தான் வேலை நடக்கணும். தட்டில் தண்ணி ஊத்தி வெச்சிருக்கு. முதல் படம் உங்க தெரு. யாரும் யார் படத்தையும் அழிக்க வேண்டாம். சாயந்திரம் எல்லாத்தையும் சுவரில் ஒட்டி வைத்துப் பேசுவோம்.

ஜெய்பீம்.