பிக்கப் மாத்துறதுக்கு முன்னாடி நாபுக்கு அடியில பாருங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னப் பொருளைப் பத்திப் பேசப் போறோம். எலக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார் ரெண்டுலயும் வால்யூம், டோன்னு நாப் இருக்கும் இல்லையா, அதுக்கு அடியில இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர். சுருக்கமா பாட்.

இதுக்கு எதுக்கு ஒரு முழு எபிசோட்னு கேட்கலாம். முதல் கிட்டார் வாங்கி ஒரு வருஷம் ஆனதும் நிறைய பேருக்கு ஒரு எண்ணம் வரும். "சவுண்ட் அமுங்கிப் போய் இருக்கே", இல்லன்னா "ட்ரெபிள் காதைக் குத்துதே". உடனே பிக்கப் மாத்தணும்னு தேட ஆரம்பிப்போம். நல்ல பிராண்ட் பிக்கப் செட் விலை, முதல் கிட்டார் விலையில பாதியைத் தொடும். சிலர் கிட்டாரையே வித்துடுறாங்க. வேலையில ஒரு சிஸ்டம் சரியா ஓடலைன்னா, மொத்தத்தையும் திருப்பி எழுதுறதுக்கு முன்னாடி கான்ஃபிக்ல ஒரு வேல்யூ மாத்திப் பார்ப்போம். பாட் அந்த மாதிரி ஒரு வேல்யூ. பிக்கப்போட ஒப்பிட்டா விலை ரொம்பக் கம்மி.

பத்துல வச்சாலும் அது சும்மா இல்ல

பாட் உள்ள என்ன இருக்கு? வளைஞ்ச ஒரு கார்பன் பட்டை. வெளியில மூணு கால். பட்டையோட ரெண்டு முனைக்கு ரெண்டு கால். பட்டை மேல நகர்ற தொடுமுனைக்கு நடுக்கால். வால்யூம் பாட்ல ஒரு முனைக்குப் பிக்கப் சிக்னல் வரும், மறு முனை கிரவுண்ட், நடுக்கால் ஜாக்குக்குப் போகும்.

வால்யூமை 10-ல வச்சுட்டா பாட் வழியிலயே இல்லைன்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. நடுக்கால் மேல் முனைக்குப் போனாலும், முழுக் கார்பன் பட்டையும் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல நிக்குது. 250 கே பாட்னா 2,50,000 ஓம் மின்தடை வழியா சிக்னல் எப்பவும் கொஞ்சம் கசிஞ்சுக்கிட்டே இருக்கு. தண்ணித் தொட்டியில ஊசி ஓட்டை மாதிரி. ஓம் எண்ணிக்கை குறையக் குறைய ஓட்டை பெருசு.

இந்தக் கசிவு எல்லா ஒலியையும் ஒரே மாதிரி பாதிக்காது. பிக்கப் ஒரு கம்பிச் சுருள், அதுக்கு இன்டக்டன்ஸ் இருக்கு. கிட்டார் கேபிளுக்கு கெப்பாசிட்டன்ஸ் இருக்கு. ஒரு மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட்னு வச்சுக்கலாம். ரெண்டும் சேர்ந்தா பிளஸ் டூ பிசிக்ஸ்ல படிச்ச ஒத்ததிர்வு வரும். சுருள் 2.4 ஹென்றி, கேபிளும் மத்ததும் சேர்ந்து 600 பிகோஃபாரட்னு எடுத்தா, ஒத்ததிர்வு 4.2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். இது ஸ்ட்ராட் மாதிரி சிங்கிள் காயில். ஹம்பக்கருக்கு 4.4 ஹென்றின்னு போட்டா 3.1 கிலோஹெர்ட்ஸ். அந்த இடத்துல சிக்னல் ஒரு மேடு மாதிரி எழும்பும். "பளிச்"னு நாம சொல்றது பெரும்பாலும் அந்த மேட்டைத்தான். அது எவ்வளவு உயரம்னு தீர்மானிக்கிறதுல பாட் மதிப்புக்குப் பெரிய பங்கு. கீழ் ஸ்வரங்கள்ல பாட் மாத்தினா வித்தியாசமே தெரியாததுக்கும் இதுதான் காரணம்.

250-ம் 500-ம் எங்கிருந்து வந்துச்சு

சிங்கிள் காயில் இயல்பாவே மேல பளிச்சுன்னு இருக்கும். அதைக் கொஞ்சம் அடக்க ஃபெண்டர் 250 கே பயன்படுத்துது. ஹம்பக்கரோட மேடு கீழ இருக்கு, அதையும் அடக்கினா சவுண்ட் வாய்க்குள்ளயே முணங்கும். அதனால கிப்சன்ல 500 கே. இது இயற்கை விதி எல்லாம் கிடையாது. 1958-ல வந்த ஜாஸ்மாஸ்டர் சிங்கிள் காயில்தான், ஆனா அதுல ஃபெண்டரே 1 மெகஓம் போட்டாங்க. 1970-கள்ல கிப்சன் பல லெஸ் பால்கள்ல 300 கே வால்யூம் போட்டாங்க. அந்தக் காலத்து கிட்டார் வாங்குறவங்க இன்னைக்கும் முதல்ல 500 கே-க்கு மாத்துறதைப் பார்க்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம். ஒரு பாட் மட்டும் பார்த்தா போதாது, எத்தனை பாட் ஒரே நேரத்துல சிக்னல்ல தொங்குதுன்னு பார்க்கணும். டோன் பாட் 10-ல இருந்தாலும், உயர் அதிர்வெண்ல அதுவும் ஒரு கசிவுதான். பக்க இணைப்புக் கணக்கு போடுங்க. லெஸ் பால்ல 500 கே வால்யூமும் 500 கே டோனும் சேர்ந்தா 250 கே. ஸ்ட்ராட்ல 250-ம் 250-ம் சேர்ந்தா 125 கே.

ஆனா மரபான ஸ்ட்ராட் வயரிங்ல பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் பாட் கிடையாது. அது 250 கே மட்டும்தான் பார்க்குது. அதே கிட்டார்ல நெக் பிக்கப் 125 கே பார்க்குது. "என் ஸ்ட்ராட் பிரிட்ஜ் மட்டும் காதைக் கிழிக்குது"ன்னு சொல்றவங்களுக்கு பதில்ல ஒரு பகுதி இங்க இருக்கு. பிரிட்ஜையும் ஒரு டோன் பாட்ல சேர்க்க ஒரு சின்ன வயர் போதும். பிக்கப் வாங்க வேண்டாம்.

எதிர்த் திசையில எட்டி வான் ஹேலன் இருக்கார். அவரோட ஃபிராங்கன்ஸ்டைன் கிட்டார்ல ஒரே ஒரு நாப். அதுமேல "டோன்"னு எழுதியிருக்கும், ஆனா அது வால்யூம். டோன் பாட்டே கிடையாது, அந்த அளவுக்குக் கசிவும் கம்மி.

பேஸ் வாசிக்கிறவங்களுக்கு

பிரசிஷன் பேஸ், ஜாஸ் பேஸ் ரெண்டுலயும் வழக்கம் 250 கே. ஜாஸ் பேஸ்ல ரெண்டு வால்யூம், ஒரு டோன். எல்லாம் முழுசாத் திறந்திருந்தா மூணு 250 கே பக்க இணைப்புல சேர்ந்து சுமார் 83 கே. ஸ்லாப் வாசிக்கும்போது அந்த உலோகச் சத்தம் போதலைன்னா, 500 கே போட்டா 167 கே-க்குப் போகும். வித்தியாசம் கேட்கும். பழைய மோட்டவுன் மாதிரி உருண்டையான சவுண்ட் வேணும்னா 250-லயே இருங்க.

ஆக்டிவ் பிக்கப் தனிக் கதை. இஎம்ஜி மாதிரி பேட்டரி போடுற பிக்கப்புக்கு 25 கே. உள்ளயே ப்ரீஆம்ப் இருக்கறதால இந்தக் கசிவு அதைப் பாதிக்காது. அதுல 500 கே போட்டா வால்யூம் நாப் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும். சாதாரண பிக்கப்ல 25 கே போட்டா உயிரே இருக்காது. செகண்ட்ஹேண்ட்ல வாங்குறவங்க இதைக் கட்டாயம் பாருங்க. யாரோ ஆக்டிவ் பிக்கப்பைக் கழட்டிட்டு சாதாரணதைப் போட்டு, பாட் மட்டும் மாத்தாம விட்டிருக்கலாம்.

நாப் திருப்பினா ஏன் திடீர்னு குறையுது

அடுத்தது டேப்பர். லீனியர் பாட்ல பாதி திருப்பினா பாதி மின்தடை. ஆனா பாதி வோல்டேஜ்னா 6 டெசிபல்தான் குறையும்; காதுக்கு அது பாதியாத் தெரியாது. அதனால கடைசி ஒண்ணு ரெண்டு எண்ல எல்லாமே பொத்துன்னு விழும். ஆடியோ டேப்பர்ல பாதித் திருப்புல சுமார் 10 முதல் 15 சதவீதம்தான் இருக்கும், அதாவது 16 முதல் 20 டெசிபல் குறைவு. காதுக்கு இது சீராத் தெரியும். வால்யூம், டோன் ரெண்டுக்கும் ஆடியோ டேப்பர் பாதுகாப்பான தேர்வு. டிஸ்டார்ஷன்லயே வாசிச்சு, நாபைக் கொஞ்சம் குறைச்சு அழுக்கைச் சுத்தம் பண்றவங்க சிலருக்கு லீனியர் வால்யூம் பிடிக்கும்.

இன்னைக்குக் கிடைக்கிற பாட்கள்ல "ஏ"ன்னா ஆடியோ, "பி"ன்னா லீனியர். பழைய ஐரோப்பியப் பாட்கள்ல இது தலைகீழா இருக்கும். எழுத்தை மட்டும் நம்பாம, நாபை நடுவுல வச்சு மீட்டர்ல பாருங்க.

குறைச்சு வாசிக்கிறவங்களுக்கு 500-ல ஒரு விலை உண்டு

500 கே எப்பவும் மேல்னு நினைச்சிடாதீங்க. வால்யூமைக் குறைச்சதும் பாட்டின் ஒரு பகுதி சிக்னலுக்கும் கேபிளுக்கும் நடுவுல வந்து உட்காருது. சிக்னல் பாதியாகுற இடத்துல அந்தத் தடை மொத்த மதிப்புல கால்பங்கு. 500-க்கு 125 கே, 250-க்கு 62.5 கே. கேபிள் 500 பிகோஃபாரட்னா, பிக்கப்பைக் கணக்குல எடுக்காமலே 500 கே-ல 2.5 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல விழ ஆரம்பிக்கும். 250 கே-ல 5 கிலோஹெர்ட்ஸ்க்கு மேலதான். வால்யூமை 6, 7-ல வச்சு வாசிக்கிற ஆளா இருந்தா, 500 கே உங்களுக்குத்தான் அதிகமா மந்தமாகும்.

இதுக்கு ரெண்டு வைத்தியம். ஒண்ணு ட்ரெபிள் பிளீட்: சிக்னல் வர்ற காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில 680 முதல் 1000 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், அதோட பக்க இணைப்புல 150 கே ரெசிஸ்டர். இன்னொண்ணு, டோன் வயரை வால்யூமோட முதல் கால்ல இருந்து நடுக்காலுக்கு மாத்துறது. "50-ஸ் வயரிங்"னு சொல்றது இதைத்தான். இதுக்குப் புதுசா எதுவும் வாங்க வேண்டாம்.

செலவில்லாம முதல்ல சோதிங்க

உங்களுக்கு எது வேணும்னு காதால முடிவு பண்ண ரெண்டு சோதனை.

காதைக் குத்துதுன்னா: கேபிள் பிளக் மூடியைத் திருகிக் கழட்டி, உள்ள இருக்கிற சிக்னல் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 470 கே ரெசிஸ்டர் வைங்க. வால்யூம் 10-ல இருக்கும்போது இது பாட் மதிப்பைக் குறைச்சதுக்குச் சமம். 500-ம் 500-ம் இருக்கிற கிட்டார்ல 250 கே-ல இருந்து 163-க்கு இறங்கும். ரெண்டு ரெசிஸ்டர் வச்சா 121, கிட்டத்தட்ட ஸ்ட்ராட் அளவு. ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

அமுங்கி இருக்குன்னா: பின்மூடியைத் திறந்து டோன் பாட்டுக்குப் போற ஒரு வயரை மட்டும் தற்காலிகமாப் பிரிச்சு விடுங்க. திறந்த மாதிரி கேட்டா, பெரிய மதிப்பு பாட் உங்களுக்கு உதவும். ஒண்ணுமே மாறலைன்னா பிரச்சினை வேற இடத்துல. பிக்கப் உயரம், பழைய ஸ்ட்ரிங், ரொம்ப நீளமான கேபிள்னு பாருங்க.

சோதனை வீட்டு பெட்ரூம்ல மட்டும் போதாது. டிரம்ஸும் இன்னொரு கிட்டாரும் இருக்கிற ரிகர்சல்ல கேளுங்க. தனியாக் கேட்கும்போது குத்துற ட்ரெபிள்தான் பல நேரம் கூட்டத்துல உங்க வாசிப்பை வெளிய கொண்டு வருது.

வாங்கும்போது

பாட்களுக்கு 20 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் சாதாரணம். 500-ன்னு எழுதினது 400-ஆவும் இருக்கலாம், 600-ஆவும் இருக்கலாம். ஒரே மாடல் ரெண்டு கிட்டார் வேற மாதிரி ஒலிக்க இதுவும் ஒரு காரணம். மல்ட்டிமீட்டர்ல ரெண்டு வெளிக்கால்களுக்கு நடுவுல அளந்து எடுங்க. கிட்டார்ல ஏற்கெனவே இருக்கிறதை அளக்கணும்னா ஒரு காலோட வயரைப் பிரிச்சுட்டு அளக்கணும். இல்லன்னா பிக்கப் சுருளோட ஆறேழு கே-யைத்தான் மீட்டர் காட்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல பொது எலக்ட்ரானிக்ஸ் பாட் தேடினா 220 கே, 470 கே-ன்னு கிடைச்சாலும் கவலை வேண்டாம், அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளதான் வருது. டேப்பர் மட்டும் சரியா இருக்கணும். அளவும் பாருங்க: அமெரிக்க வகைப் பாட்டின் திருகுக் கழுத்துக்கு சுமார் 9.5 மில்லிமீட்டர் ஓட்டை வேணும், ஆசியச் சின்னப் பாட்களுக்கு அதைவிடக் கம்மி. லெஸ் பால் மாதிரி தடிமனான மேல்பலகைக்கு நீளக் கழுத்து. நாப் உள்ளே பல்லா, வழவழப்பான தண்டானும் பார்த்துக்கோங்க.

சந்தேகமா இருந்தா 500 கே வாங்குங்க. ரெசிஸ்டர் வச்சு அதைக் கீழ இறக்க முடியும், 250-ஐ மேல ஏத்த முடியாது. ஹம்பக்கரும் சிங்கிள் காயிலும் கலந்த எச்எஸ்எஸ் கிட்டார்ல, 500 கே போட்டு சிங்கிள் காயிலுக்கு மட்டும் 470 கே ரெசிஸ்டர் சேர்க்கிறது இதனாலதான்.

பாட் மாத்தினா பிக்கப் வேற பிக்கப் ஆயிடாது. அவுட்புட் கம்மியா இருக்கு, ஹம் வருதுன்னா அதுக்கு இது மருந்து இல்ல. ஆனா இந்தச் சோதனைகளை முடிச்ச பிறகும் பிக்கப் வேணும்னு தோணினா, எந்தத் திசையில வேணும்னு தெரிஞ்சு வாங்குவீங்க.

சோதனை பண்ணிப் பார்த்துட்டு உங்க கிட்டார்ல என்ன மதிப்பு இருந்துச்சு, என்ன கேட்டுச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல கேபிள் பத்திப் பேசலாம்.