கை படித்தால் பிள்ளை படிக்கும்

(பொன்விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில், சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)





எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் சங்கத்தின் 50 ஆண்டு வரலாற்றை அழகாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த தலைப்பு சின்னது: நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சுவையாகப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்பது. தலைப்பு சின்னதுதான். ஆனால் அடுத்த 50 ஆண்டு மலரை நம் பேரப்பிள்ளைகள் தமிழில் படிப்பார்களா என்பது இதில்தான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஒரு காலத்தில் இந்தக் கவலை நமக்கு இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டியிருந்தது. பலகைக் கொட்டகையாக இருந்தாலும் பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பால் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளும் தோட்டத்துக் கடைக்காரர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ படித்தார்கள். சுதந்திரம் பெற்ற 1957இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின்னால் வீடமைப்புத் திட்டம் வந்தது. சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா பக்கமிருந்து குடும்பங்கள் ஈப்போவின் தாமான்களுக்கு வந்துவிட்டன. பேராக்கில் இன்றும் 134 தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளிக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கிடைக்கும் இடம் இந்த ஞாயிறு வகுப்பு ஒன்றுதான் என்பதைச் சொல்ல வந்திருக்கிறோம்.

வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதையும் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லியே கழித்தால், மூன்றாவது வாரம் பிள்ளைக்கு வயிற்று வலி வந்துவிடும். அதனால் எங்கள் வகுப்பில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். முதலில் கை செய்ய வேண்டும். கை செய்ததை வாய் சொல்ல வேண்டும். வாய் சொன்னதைக் கடைசியில் தாளில் எழுத வேண்டும். கை, வாய், தாள். இந்த வரிசை மாறக் கூடாது. இனி நாங்கள் சொல்லும் எல்லா விளையாட்டும் இதற்குள்தான் வரும்.

முதலாவது, மணல் தட்டு. பழைய கேக் தட்டில் மெல்லிய மணலையோ ரவையையோ விரல் கனத்துக்குப் பரப்புங்கள். பிள்ளை விரலால் எழுதட்டும். தவறினால் தட்டை ஒருமுறை குலுக்கினால் போதும். அழிப்பான் வேண்டாம், சிவப்பு மை வேண்டாம், அழுகையும் வேண்டாம்.

இது வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்காதீர்கள். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில்தான் எழுதினார்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்துப் பள்ளியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. 1907இல் ரோம் நகரில் சிறுவர் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும்படி செய்தார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆக, நம்மிடமிருந்து போன ஒன்றைத்தான் இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

எந்த எழுத்தில் தொடங்குவது? 'அ' வளைவும் சுழியும் உள்ள எழுத்து. நான்கு வயது விரலுக்குக் கடினம். நாங்கள் 'ட'வில் தொடங்குகிறோம். மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, முடிந்தது. அதற்கு வலப்பக்கம் இன்னொரு கோடு போட்டால் 'ப'. பிறகு 'ம'. இந்த மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். முதல் மாதத்திலேயே பிள்ளை ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிடுகிறது. அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

இரண்டாவது, எழுத்துச் சக்கரம். 247 எழுத்து என்று சொன்னால் பெரியவர்களுக்கே மயக்கம் வரும். இரண்டு காகிதத் தட்டுகளை எடுத்து, பெரியதன் ஓரத்தில் க முதல் ன வரை 18 எழுத்துகளை எழுதுங்கள். சிறியதில் கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு ஆகிய குறிகளை எழுதி, நடுவில் ஓர் ஊசி குத்திச் சுழல விடுங்கள். காலைக் 'க'வுக்கு நேரே கொண்டுவந்தால் கா, 'ம'வுக்கு நேரே கொண்டுவந்தால் மா. அத்தனை எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். கு, டு, து, நூ போன்ற உகர ஊகார வரிசைதான் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அதை மட்டும் தனியாக, மெதுவாக, மணல் தட்டில் பழக்குங்கள்.

மூன்றாவது, ரப்பர் கொட்டை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய் வெயிலில் காய்ந்து 'டப்' என்று வெடிக்கும். கொட்டை எங்கோ போய் விழும். சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். கை தூக்க வேண்டாம்! இப்போதும் சிறு தோட்டக்காரர்களின் ரப்பர் மரங்கள் நம் மாநிலத்தில் உண்டு. போகும்போது ஒரு பை நிறையப் பொறுக்கி வாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: பச்சைக் கொட்டையில் நச்சு இருக்கிறது, வாயில் போடக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கொட்டை கிடைக்காதவர்கள் புளியங்கொட்டையோ போத்தல் மூடியோ எடுத்துக்கொள்ளலாம்.

30 முட்டை அடுக்கும் அட்டையில் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் மூன்று துண்டு. ஒவ்வொன்றிலும் பத்துக் குழி. பிள்ளை ஏழு கொட்டை போட்டால் மூன்று குழி காலியாகத் தெரியும். ஏழும் மூன்றும் பத்து என்பதும், பத்தில் ஏழு போனால் மூன்று என்பதும் ஒரே பார்வையில் புரிந்துவிடும். பத்து நிறைந்ததும் சின்னப் பையில் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு கட்டும் நான்கு உதிரியும் என்றால் இரு பத்து, நான்கு: இருபத்து நான்கு. நம் எண்ணின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ஆனால் 'தொண்ணூறு' என்று சொன்னால் பல பிள்ளைகள் நூறைத் தாண்டிவிட்டதாக நினைக்கும். பெயரில் 'நூறு' ஒலிக்கிறது அல்லவா? ஒன்பது கட்டுகளை அடுக்கி எண்ணிய பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வராது.

ரப்பர் மரம் மூன்றாம் வாய்பாட்டையும் சொல்லிக்கொடுக்கும். ஒரு காம்பில் மூன்று இலை, ஒரு காயில் மூன்று கொட்டை. நான்கு காம்பு கொண்டுவந்தால் பன்னிரண்டு இலை. விடுமுறையில் கோலகங்சார் போனால், 1877இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று என்று காட்டப்படும் முதிய மரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர்களின் பூட்டன் இந்த நாட்டுக்கு ஏன் வந்தார் என்ற கேள்வி அந்த மரத்தடியில் தானாக வரும்.

நான்காவது, கடை விளையாட்டு. நம் சமூகத்தில் கடை வைக்காத குடும்பம் குறைவு. காலி மைலோ டின், பிஸ்கட் பெட்டி, பழைய நாளிதழில் மடித்த பொட்டலம் இவை போதும். ஒரு பிள்ளை முதலாளி, ஒரு பிள்ளை கணக்குப்பிள்ளை, மற்றவர்கள் வாடிக்கையாளர். 5, 10, 20, 50 காசு நாணயங்களை உண்மையாகவே கொடுங்கள். சில்லறை எண்ணுவது கை வேலை. 'அண்ணே, அரைக் கிலோ பருப்பு கொடுங்க' என்பது வாய் வேலை. பெயர்ப் பலகையும் விலைச் சீட்டும் எழுதுவது தாள் வேலை. சாப்பாட்டுக் கடை என்றால் பிள்ளை மேசை மேசையாகப் போய், தே தாரேக் இரண்டு, ரொட்டி சானாய் மூன்று என்று தமிழிலேயே எழுதி வரட்டும். எழுதியதை அடுப்படிப் பிள்ளை படிக்க முடியாவிட்டால் சாப்பாடு மாறி வரும். கையெழுத்து ஏன் தெளிவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவே தேவையில்லை.

ஐந்தாவது, அஞ்சறைப் பெட்டியும் கண்ணாடியும். கண்ணைக் கட்டிவிட்டு ஏலம், பட்டை, கிராம்பு, சோம்பு, சீரகம் ஒவ்வொன்றாக முகரக் கொடுத்து, பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் தெரியாத பிள்ளை வீட்டுக்குப் போய் நன்னியிடம் கேட்டு வர வேண்டும். அடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி. 'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேல் பல்லின் பின்பக்கம் தொடும். 'ள'வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடியும், ஆனால் தொடாது. வலி, வளி, வழி என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகள் கண்ணாடியில் தங்கள் நாக்கைத் தேடுவது எங்கள் வகுப்பிலேயே பெரிய வேடிக்கை.

ஆறாவது, பிறை ஏடு. ரமலானில் 30 கட்டம் போட்ட தாளைப் பிள்ளையிடம் கொடுங்கள். மஃரிபுக்குப் பின் மேற்கே பிறை பார்த்த நாள் முதல் ஒவ்வொரு இரவும் நிலாவை வரையட்டும். ஈப்போவில் மழை பெய்தால் அன்று மேகத்தை வரையட்டும். பாதி மாதத்தில் முழுநிலா. பிறகு அது தாமதமாக உதிக்கும். மாதக் கடைசியில் சஹருக்கு எழும்போது கிழக்கே மெலிந்து நிற்கும். மாதம் 29 நாளா 30 நாளா என்பது ஏன் என்று அந்தப் பிள்ளை பெரியவர்களுக்கே விளக்கும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோரிடமிருந்து எங்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. 'இப்படி விளையாடிக்கொண்டே இருந்தால் படிப்பு எப்போது?' நியாயமான கேள்வி. வெறும் விளையாட்டு பாடமாகாது; அதனால்தான் வாயும் தாளும் கட்டாயம் என்கிறோம். தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. பின்னர் அது மாநிலம் முழுவதும் போனது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆடல், பாடல், செயல் வழியாகவே தொடங்கியது. நம் நாட்டுப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டு வழிக் கற்றலை ஏற்றிருக்கிறது. யுபிஎஸ்ஆர் தேர்வும் 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. தேர்வுத் தாளை நினைத்துப் பயப்பட வேண்டிய காலம் இல்லை இது.

கடைசியாக உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, தினமும் பத்து நிமிடம். கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளை கையால் செய்ததை வீட்டில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் எங்களுடையது. மற்ற நேரமெல்லாம் உங்களுடையது.

இரண்டு, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், அந்தப் பள்ளியிலேயே தமிழ் வகுப்பு நடத்த வழியுண்டு. தனியாகப் போய்க் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். 15 பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் நம் குடும்பங்கள் எத்தனை என்று இன்றைக்கே, இந்த மண்டபத்திலேயே விசாரியுங்கள். மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.

வெளியே போகும் வழியில் வைத்திருக்கும் மேசையில் முட்டை அட்டைத் துண்டும் பத்துக் கொட்டையும் பை போட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.