அட்மாஸ்பியருக்கு நாற்பது பேர்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, சினிமாவைப் பத்திப் பேசுன்னு சொன்னாங்க. எனக்கு முன்னால் பேசிய தோழர் இயக்குநர்களைப் பற்றியும் கதைகளைப் பற்றியும் விரிவாகவே பேசிவிட்டார். நான் கேமராவுக்கு முன்னால, கதாநாயகனுக்குப் பின்னால, கூட்டத்துல நின்னவன். அங்கிருந்து தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

2016-ல் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நான் ஒப்பந்தக் கூலி. மாசத்துல பத்து நாள் வேலை இருக்காது. அப்படி ஒரு நாளில்தான் ஏஜென்ட் தெருவுக்கு வந்தார். நாளுக்கு 500 ரூபாய், மூணு வேளை சோறு. விடியக்காலை நாலு மணிக்குத் தேரடியில் வேன் ஏறினோம். பூந்தமல்லி தாண்டி இறங்கினா, அங்க ஒரு வடசென்னை நின்னுக்கிட்டிருக்கு. பிளைவுட், சாக்கு, தகரம். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பாம். சுவரெல்லாம் கரி, வாசலுக்கு வாசல் குப்பை, நடுவில் சாயம் கலந்த சாக்கடை. எங்களோடு வந்த ராயபுரத்து ஆயா ஒருத்தர் சுத்திப் பாத்துட்டு, "இன்னாடா இது, ஒரு வூட்டு வாசல்லகூட தண்ணி தெளிக்கல. இந்தத் தெருவுல பொம்பளைங்கோ யாருமே இல்லியா?"ன்னு கேட்டாங்க. நான் படித்த சினிமா விமர்சனம் எதுவும் அந்தக் கேள்வி அளவுக்குப் போகவில்லை.

முதல் தடவைன்னு இஸ்திரி போட்ட சட்டையில போயிருந்தேன். "இது ஆகாது, கழட்டு" என்று கிழிந்த பனியன் ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு மேக்கப். முகத்திலும் கையிலும் கரிப்பொடி. என் பக்கத்தில் நின்ற பெரியவர் சென்னைத் துறைமுகத்தில் நிஜமாகவே நிலக்கரி இறக்கியவர். ராயபுரம் வீடுகளில் தூசி படிகிறது என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் சொல்லி, 2011-ல்தான் அங்கே நிலக்கரி நின்றது. (நின்னுதுன்னா ஒழியல, எங்க பக்கம் எண்ணூருக்கு வந்துது. அது தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டியது.) பெரியவர் மேக்கப்காரரிடம், "தம்பி, வேலை முடிஞ்சா நாங்க குளிச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவோம்" என்றார். "சீன்ல குளிக்கல பெரிசு" என்று பதில் வந்தது.

காட்சி, வில்லன் ஆட்கள் வருவார்கள், நாங்கள் கத்திக்கொண்டு ஓட வேண்டும். ஒன்பது தடவை ஓடினோம். உதவி இயக்குநர் மைக்கில் "அட்மாஸ்பியர், ஆக்‌ஷன்!" என்பார். அட்மாஸ்பியர்னா நாங்கதான். ஆள் கணக்கு இல்ல, காத்து, புகை மாதிரி. எனக்கு ஒரு வரி வசனமும் கெடச்சுது. ஆனா "இன்னா"ங்கறதை நான் சரியா சொல்லலையாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன், வடசென்னைக்காரன் எப்படிப் பேசுவான்னு எனக்குச் சொல்லிக் குடுத்தான். கடைசியில் அந்த வரி வேறொருத்தருக்குப் போனது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏஜென்டின் நோட்டு திறந்து கிடந்தது. "கலர் ஆள் 12, லோக்கல் 40." ஆஸ்பத்திரி, ஆபீஸ், கல்யாண மண்டபத்துக்குக் கலர் ஆள். கலவரத்துக்கும் சாராயக் கடைக்கும் பாடைக்குப் பின்னால் நடக்கவும் லோக்கல். எங்களில் பி.காம். படித்த பெண் ஒருவர் இருந்தார், நிஜத்தில் ஆபீஸில் கணக்கு எழுதியவர். ஆபீஸ் சீனில் நிற்கிறேன் என்று கேட்டார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செட் ஆகாது என்றார்கள். சாதிங்கற வார்த்தையை அன்னைக்கு ஒருத்தரும் சொல்லல. சொல்ல வேண்டிய தேவையே அங்க இல்ல.

இது நேற்று ஆரம்பித்ததல்ல. நந்தனாராக 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார், 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்தார். சேரியின் கதைக்கே சேரிக்காரர் தேவைப்படவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் 'விகதகுமாரன்' எடுத்தார். மலையாளத்தின் முதல் படம். அதில் புலையர் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் ஓடியபோது ஆதிக்க சாதியினர் திரையில் கல்லெறிந்தார்கள், அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். நாகர்கோவில் பக்கம் வந்து, வேறு பெயரில், தான் நடிகை என்பதை மறைத்து வாழ்ந்து மறைந்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை. ரோசி கரி பூசிக்கிட்டு கூட்டத்துல ஓடியிருந்தா ஒரு கல்லும் விழுந்திருக்காது. அவர் போய் நின்னது 'கலர் ஆள்' நிக்கற இடத்துல.

பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014-ல் வந்தது, 'சார்பட்டா பரம்பரை' 2021-ல். எங்க ஜனங்க அதுல பந்து ஆடறாங்க, குத்துச்சண்டை போடறாங்க, படிக்கறாங்க, காதலிக்கறாங்க. ரெண்டு படத்தையும் எங்க தெரு கொண்டாடுச்சு, நானும்தான். அதுக்காக எல்லா நோட்டும் மாறிடுச்சுன்னு நான் நம்பல.

காசு விசயம் ஒண்ணு. பேசினது 500, ராத்திரி கைக்கு வந்தது 350. யாரைக் கேக்கறது? ஃபெப்சிக்குக் கீழே இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன, ஆனால் கார்டு இல்லாதவனுக்கு அங்கே கதவில்லை. கார்டு எடுக்கப் பணம் வேணும். பணம் இருந்தா நான் ஏன் நாலு மணிக்கு வேன் ஏறறேன்? போறவங்க வண்டி ஏறறதுக்கு முன்னாடி கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எந்தக் கம்பெனின்னு கேட்டு எழுதிக்கோங்க. தனியா கேக்காதீங்க, பத்துப் பேராக் கேளுங்க.

உதவி இயக்குநரா போகப்போறதா ரெண்டு மாணவர்கள் டீக்கடையில சொன்னாங்க. போங்க தோழர்களே. ஆள் வேணும்னு ஏஜென்டுக்கு நீங்க போன் பண்ணற அன்னைக்கு, என்ன வார்த்தை சொல்லிக் கேட்டீங்கன்னு எங்களுக்கு வந்து சொல்லணும்.