கிணற்று வேலையும் உயிர்க்காப்பும்



கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் கிராமந்தோறும் கிணறு ஆழப்படுத்துதலும் தூர் எடுத்தலும் தொடங்குகின்றன. குடியானவர் கல்லுக்கும் கூலிக்கும் வெடிமருந்துக்கும் கணக்குப் போட்டுக் கடன் பெறுகிறார். உள்ளே இறங்கும் ஆளின் உயிருக்கு மட்டும் கணக்கில் இடமிருப்பதில்லை. விபத்து நேர்ந்த பின் அதனைத் தலைவிதி என்று கூறி விடுகின்றனர். விதியின்மேல் பழி சுமத்துமுன், செய்ய வேண்டிய ஜாக்கிரதை செய்யப்பட்டதா என்று கேட்பது கடமையாகும்.

முதல் அபாயம் காற்று. நெடுநாள் இறைக்கப்படாத கிணற்றில் இலையும் தழையும் அழுகுகின்றன. அழுகும் பொருள் பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடும். இது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது; ஆகையால் அடியிலேயே தங்கும். நல்ல காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. அது 19.5 பங்கிற்குக் குறைந்த இடத்தில் எவரும் இறங்கலாகாது. மிகவும் குறைந்துவிட்டாலோ, இறங்கியவர் கூவி அழைக்கவும் அவகாசமின்றி நினைவிழந்து விழுவார்.

இதனினும் கொடியது பின்னர் நிகழ்வது. விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார். அவரைத் தேடி மைத்துனர் இறங்குகிறார். ஒரு சாவு மூன்று சாவாகிறது. அன்பே இங்கு எமனாகிறது. ஆதலால் இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் கயிறு பிணைத்திருக்க வேண்டும். அதன் மறுமுனையை மேலே இருவர் விடாது பற்றியிருக்க வேண்டும். அப்பொழுது வேறொருவர் இறங்காமலே அவரை மேலே இழுத்துவிடலாம். கயிறு இல்லையேல், தீயணைப்பு நிலையத்தாரை 101 என்ற எண்ணில் அழைப்பதே முறை.

விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது என்பது உண்மை. எரிந்தால் இறங்கலாம் என்பது உண்மையன்று. சில நச்சு வாயுக்களை விளக்கு காட்டாது. எரியும் வாயு இருப்பின் விளக்கே தீக்குக் காரணமாகும். வாயுவை அளக்கும் கருவியே நம்பத்தக்கது. எண்ணெய் என்ஜினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவதும் பெரும் பிழை. அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இரண்டாவது அபாயம் மண் சரிவு. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடையுள்ளது. மார்பளவு புதைந்தவர்க்கு மூச்சுவிட இடமிராது. தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் எட்டக் கொட்டுக. இளகிய மண்ணில் பலகையும் முட்டுக்கழியும் கொடுத்த பின்னரே மேலும் தோண்டுக. மழை பெய்த மறுநாள் பக்கங்களைச் சோதியாமல் இறங்க வேண்டாம்.

மூன்றாவது வெடி. உரிமம் பெற்றவரே மருந்தைக் கையாள வேண்டும். ஆறு குழிக்குத் திரி வைத்தால் ஆறு ஓசையையும் எண்ணுதல் அவசியம். ஓசை ஒன்று குறைந்தால் ஒருவரும் நெருங்கலாகாது. வெடிக்காத குழியைக் கடப்பாரையால் கிளறுவது உயிரோடு விளையாடுவதாகும். எல்லாம் வெடித்திருப்பினும் புகை முற்றும் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும்.

தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் எந்த ஈடும் போன உயிரைத் திருப்பித் தராது; விபத்தைத் தடுப்பதே மேலானது. இதில் சங்கம் செய்யக் கூடியது பெரிது. தனியொரு குடியானவரால் வாங்க இயலாத கயிறு, இடுப்புக் கச்சை, தலைக்கவசம், வாயு அளக்கும் கருவி ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வாங்கி, முறை வைத்து உதவலாம். கிணற்றுக் கடன் மனுவைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்தார், "இறங்கும் ஆட்களுக்கு என்ன காப்பு?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். காலையில் வேலை தொடங்குமுன் கயிறு, கப்பி, காற்று, கரை ஆகிய நான்கையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

அந்தக் கால் மணியைச் செலவிடும் கிராமத்தில், காலையில் இறங்கிய ஆள் மாலையில் தன் குழந்தைகளிடம் திரும்பிச் செல்வார். ஊறும் நீரும் கண்ணீர் கலவாததாக இருக்கும்.