ஏசுபவரிடமும் சொல்லவேண்டியதைச் சொல்லுதல்



தொழிலில் முன்னேறுவதற்குக் கரைச்சலான மனிதர்களை எப்படிச் சமாளிப்பது என்று பேசும்படி கேட்டிருந்தார்கள். இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி ஓர் இரவில் கற்றது.

அப்போது நான் மகப்பேற்று விடுதியில் உள்ளகப் பயிற்சி வைத்தியர். எங்கள் விசேட வைத்திய நிபுணர் கைராசிக்காரர். ஆனால் வாய் பொல்லாதது. இரவில் அவருக்கு யார் தொலைபேசி எடுப்பது என்று எங்களுக்குள் தர்க்கமே நடக்கும். அன்று, பிள்ளை பெற்று 2 மணித்தியாலமான ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டு எடுத்தேன்.

“சேர், இந்த நேரத்தில கரைச்சல் தாறதுக்கு மன்னிக்கவேணும். ஒரு அம்மாவுக்குக் கொஞ்சம் இரத்தம் போற மாதிரி இருக்கு. பாப்பம் எண்டு...”

“பாக்கத்தானே உம்மை அங்க விட்டிருக்கு?” வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மூத்த தாதி ஒரு கடதாசியை என் முன்னால் வைத்தார். “பிள்ளை, அவர் ஏசுவார். ஏசிப்போட்டு வருவார். ஆனா ஏன் வரவேணும் எண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லையே.”

உண்மைதான். பாதி நேரம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். மீதியைக் ‘கொஞ்சம்’, ‘மாதிரி’ என்று மழுப்பியிருந்தேன். கடதாசியில் எழுதிக்கொண்டு மறுபடி எடுத்தேன். நாடித்துடிப்பு 130, குருதியமுக்கம் 80க்கு 50, ஒக்சிரோசின் கொடுத்தும் கருப்பை இறுகவில்லை, இரத்தத்துக்குச் சொல்லிவிட்டோம், சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறோம், நீங்கள் இப்போதே வரவேண்டும். இடையில் ஏசினார். நான் வாசித்துக்கொண்டே போனேன். கால் மணித்தியாலத்தில் வந்து நின்றார். தாய் தப்பினார். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் என் கையெழுத்துக்காக ஏச்சு வாங்கினேன். அவர் மாறவே இல்லை!

இந்த முறைக்கு எஸ்பார் என்று ஒரு பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற ஒழுங்கில் சொல்லவேண்டும். எங்களுக்கு முதல் மூன்றும் வரும். நான்காவதுதான் தொண்டைக்குள் நிற்கும். ஆசிரியை வந்தால் எழுந்து நின்று, பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்த மரியாதையை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ‘நீங்கள் வரவேண்டும்’ என்று ஒரு மேலதிகாரியிடம் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. வங்கியில், பாடசாலையில், கந்தோரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். என்ன வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொண்டே அந்த அறைக் கதவைத் தட்டுங்கள்.

ஒன்றை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். வேலைத்தலத்தில் பாலியல் தொந்தரவு செய்பவர் ‘கரைச்சலான மனிதர்’ அல்லர். அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம், 1995இலிருந்து அப்படி. அங்கே சமாளிக்கப் பழகவேண்டாம். திகதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், முறைப்பாடு செய்யுங்கள்.

இப்போது நானும் விசேட வைத்திய நிபுணர். சில காலத்துக்கு முன் ஓர் இளம் வைத்தியர் இரவில் என்னை அழைக்கப் பிந்திவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதில் என் கெட்டித்தனம் எதுவும் இல்லை. ஏன் பிந்தியது என்று கேட்டேன். குனிந்த தலை நிமிராமல், “போன முறை எடுத்தபோது நீங்கள் ஏசினீங்கள், மெடம்” என்றார். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

அன்றிலிருந்து இரவு அழைப்பு வந்தால் முதலில், “சொல்லுங்கோ, நான் முழிப்பாத்தான் இருக்கிறன்” என்கிறேன். பெரும்பாலும் அது பொய்.