வாலு என்று சொல்லுமுன்



குழந்தைகள் நாளில் ஒரு குழந்தைக்கு நான் பட்ட கடனைச் சொல்லத்தான் மேடையேறினேன். பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன். கால் தரையில் பாவாது. கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிடும். நோட்டில் முதல் இரண்டு வரி முத்து முத்தாக இருக்கும், மூன்றாவது வரி சரியும், நாலாவது வரியே இருக்காது. திமிர் என்று நினைத்தேன். வெளியே முட்டி போட வைத்தேன்.

அந்த வருஷம் பிள்ளைகளை நம் சீயமங்கலத்து மகேந்திரவர்மன் குடைவரைக்குக் கூட்டி வந்தோம். எல்லாரும் பார்த்துவிட்டு விளையாட ஓடிவிட்டார்கள். அவன் மட்டும் தூணில் சிறியதாகச் செதுக்கியிருக்கும் ஆடும் சிவனுக்கு எதிரே நின்றான். "சார், இந்தக் கை என்ன செய்யுது? அந்தக் கை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கால் மணி நேரம் நகரவில்லை. இவனிடம் கவனம் இருக்கிறது, அதை வேண்டிய பக்கம் திருப்பத்தான் இவனால் முடியவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஏடிஎச்டி. மூளை வளர்ச்சியில் வருகிற வேறுபாடு இது. வளர்ப்பின் குற்றம் இல்லை தாயே, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்காகத் துறுதுறு பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டிவிடவும் கூடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 6 மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். காது, கண், தூக்கம் இவற்றில் குறை உண்டா என்றும் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. அம்மா சொல்வதும் ஆசிரியர் சொல்வதும்தான் மருத்துவருக்குக் கண். ஜன்னலையே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையைப் பற்றியும் சொல்லுங்கள்; அவளைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம்.

6 வயதுக்குள் என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. அதற்கு மேல் தேவைப்பட்டால் மெத்தில்பெனிடேட் போன்ற மாத்திரை. பசி குறையலாம், தூக்கம் கெடலாம். அதனால் எடையும் உயரமும் பார்த்துப் பார்த்து மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல. ஆசிரியர் செய்ய வேண்டியதற்குக் காசே ஆகாது. முன்வரிசையில் இடம், ஒரு நேரத்தில் ஒரு வேலை, பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று மூன்றாக, நடுவில் கரும்பலகை துடைக்க ஒரு முறை எழுந்து நடக்க விடுவது.

2013 முதல் அரசின் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்கும் பட்டியலில் ஏடிஎச்டியும் உண்டு. மேல் பரிசோதனைக்கு மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். இன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். பிள்ளை எப்போது எழுந்து ஓடினான், எதில் நிலைத்து நின்றான் என்று தேதி போட்டு எழுதுங்கள். அந்தக் குழுவின் வண்டி வரும் அன்று அதைக் கையில் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.