சீனத்து “உள்சக்தி”ச் சண்டை



சீன தேசத்தில் தாய்ச்சி, பாகுவா, சிங்யி என்று சில சண்டை வித்தைகள் உண்டு. தசை பலம் முக்கியமல்ல, உடலுக்குள் ஓடும் ‘சீ’ என்னும் சக்தியே எதிரியைத் தள்ளிவிடும் என்று அவற்றின் குருமார் பலர் சொல்லுகிறார்கள். குரு கையசைத்தால் சீடன் பத்தடி தள்ளிப்போய் விழுகிறான். விழாவிட்டால் அவன் சீடனாயிருக்க முடியுமா?

வெய் லெய் என்ற தாய்ச்சி ஆசிரியர், தர்ப்பூசணியின் தோல் கிழியாமல் உள்ளே கூழாக்குவதாகத் தொலைக்காட்சியில் காட்டியவர். 2017 ஏப்ரலில் செங்டு நகரில் ஷூ சியாவ்தோங் என்ற சண்டைக்காரர் அவரோடு மோதினார். அரை நிமிஷத்திற்குள் ஆசிரியர் தரையில் கிடந்தார். ஆனால் சீன வூஷு சங்கம் கண்டித்ததோ அந்தச் சண்டையைத்தான்! 2020 மே மாதத்தில் மா பாவ்குவோ என்ற அறுபது கடந்த குருவும் அரை நிமிஷத்தில் மூன்று முறை விழுந்தார். வயதைக் கண்டு இரங்கலாம். ஆனால் வயதானாலும் குறையாத சக்தி என்பதுதானே அவர்களுடைய பெருமை?

தாய்ச்சி வீணென்று நான் சொல்லவில்லை. முதியவர்கள் தடுமாறி விழாமலிருக்க அது உதவுவது பரீட்சையில் கண்ட உண்மை. தேகப்பயிற்சியாகச் செய்யட்டும். எதிர்த்து அடிப்பவனோடு பழகாதவனுக்குச் சண்டை எப்படி வரும்?

1900-ல் பாக்ஸர் கலகத்தில், மந்திரத்தால் குண்டு துளைக்காதென்று நம்பிய ஏழைக் குடியானவர்கள் துப்பாக்கிக்கு இரையானார்கள். வித்தை வேறு, ஏமாற்றம் ஒன்றே.

ஆகையால் எந்தக் குரு வந்தாலும் ஒன்று கேளுங்கள்: “உம்மை நம்பாதவன்மேல் அந்தச் சக்தியைக் காட்டும், பார்ப்போம்!”